மீராசாவுக்குக் கேட்காத உதய்ப்பூர் வெள்ளி

எங்கள் ஊரில் ஒரு வெள்ளிக் காசு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை பத்தேகால் மணிக்கு ஒலிக்க ஆரம்பித்து, ஆனி முடிந்து ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகும் நிற்காமல் ஒலித்தது. தொட்டில் பிள்ளை முதல் படுக்கையில் கிடந்த கிழம் வரை அத்தனை பேருக்கும் அது கேட்டது, அதைச் சுண்டிவிட்ட மீராசா ஒருவரைத் தவிர. காசு ஏன் நிற்கவில்லை என்று எங்களைக் கேட்டுப் பயனில்லை. சாரல் ஏன் மேற்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டும் நாங்கள் என்ன சொல்லிவிடப் போகிறோம்? ஆனால் மீராசாவுக்கு ஏன் கேட்கவில்லை, கேட்காதவர் என்ன சொன்னார், சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்கினார் என்று கேட்டால் சொல்லலாம். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், பஸ் நின்றால் நிற்கும் போனால் போகும் என்கிற மாதிரி இருக்கும் பூவங்குறிச்சிதான் எங்கள் ஊர். பக்கத்துச் செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்ததால், இந்தப் பக்கத்து வீடுகளில் சங்கு போட்ட அரை ரூபாய் வெள்ளி அரிசிப் பானைக்கு அடியில் கிடப்பது வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்தே பதினொரு பேருக்குப் பைத்தியம் பிடித்து, பதினாறு வருடத்துக்கு முன்னால் லாலா மிட்டாய்க் கடை மாடியில் ஒரு நாணயச் சங்கம் வைத்தார்கள். சமஸ்தானத்து வெள்ளியைத் தவிர வேறெதையும் அவர்கள் தொடமாட்டார்கள். செம்பு என்றால் சிரிப்பார்கள், வெள்ளைக்காரன் தலை போட்ட ரூபாயை நீட்டினால் “அது எல்லாரு வீட்டுலயும் கெடக்கும்லா” என்று திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் சார்மினார் போட்ட ஹைதராபாத் ரூபாயையோ, லிங்கமும் வில்வ இலையும் போட்ட இந்தூர் ரூபாயையோ, கட்ச் நாட்டுக் கோரியையோ காட்டிவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போகமாட்டார்கள்.

சங்கத்தில் சேர விண்ணப்பம் கிடையாது, சந்தா கிடையாது. சேர வருகிறவர் ஒரே ஒரு காசு கொண்டுவர வேண்டும். மீராசா அதை நடுவிரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். ஈயம் கலந்து வார்த்த போலி ‘தட்’ என்று செத்துப்போகும். நல்ல வெள்ளி மெலிசாக நீண்டு, போக மனமில்லாத விருந்தாளி போல வாசல்வரை போய் நின்று பேசிவிட்டுத்தான் அடங்கும். அடங்கியதும் மீராசா “நல்ல காசு” என்பார். அந்த இரண்டு சொல் விழுந்துவிட்டால் அதற்கு மேல் தென்காசியிலும் பேச்சில்லை, திருவனந்தபுரத்திலும் பேச்சில்லை.

மீராசா பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், அறுபத்திரண்டு வயது, அளந்து பேசுகிறவர். அவர் காதில் மெலிசான சத்தங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போக ஆரம்பித்து நாலு வருடம் ஆகியிருந்தது. முதலில் சில்வண்டு போனது, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல் நுனியில் காசு ஆடுவது தெரிந்தது, ஓசை வரவில்லை. அன்று அவர் பயந்துபோய்த் தலையைத் தூக்கினார். எதிரே பத்து முகங்களும் நல்ல கறிக்குழம்பு வாசனை பிடித்தது போல மலர்ந்திருந்தன. “நல்ல காசு” என்றார். அன்றிலிருந்து அவர் காதால் கேட்கவில்லை, முகங்களால் கேட்டார். முகம் மலர்ந்தால் வெள்ளி, முகம் சுருங்கினால் ஈயம். பேச்சையும் பாதி உதட்டைப் பார்த்தே பிடித்தார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஒருவருக்கும் சந்தேகமும் வரவில்லை.

ஆனி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தவள் ஆவுடையம்மாள். வடக்குத் தெருவில் மாவு மில் நடத்துகிறவள், நாற்பத்தைந்து வயது, புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். சங்கத்துக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை; வரக்கூடாது என்று எழுதிவைக்கவும் இல்லை. செயலாளர் சிதம்பரதாணு நாற்காலியைத் துடைப்பது போல ஒரு பாவனை செய்துவிட்டுக் கேட்டார்.

“என்ன காசும்மா?”

“உதய்ப்பூர் ரூபாய்.”

“யாருட்ட வாங்கினது?”

“எங்க வீட்டுக்கு மார்பிள் போட வந்த ஆளுட்ட. அந்த ஊருக்காரரு. ரயிலுக்குத் துட்டு பத்தலன்னு அரைஞாண்ல முடிஞ்சு வெச்சிருந்ததை அவுத்துக் குடுத்தாரு. அவுக அம்மா குடுத்ததாம். சொன்ன வெலையக் குடுத்துட்டேன்.”

“ஏமாத்திட்டுப் போயிருப்பான்.”

“ஏமாத்துத ஆளு குடுத்த கையோட அழ மாட்டாரு, அண்ணாச்சி” என்றாள் ஆவுடையம்மாள்.

மீராசா காசை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நாகரி எழுத்தில் சித்திரகூடம், உதய்ப்பூர். மறுபக்கம் தோஸ்தி லண்டன், அதாவது லண்டனோடு சிநேகிதம். தன் பேரையும் போடாமல், ராணியின் தலையையும் போடாமல், ரெண்டு பக்கமும் மனம் கோணாமல் ‘நாம சிநேகிதம்தானே’ என்று எழுதிவிட்டுப் போன அந்த ராஜாவின் சாமர்த்தியத்தை மீராசாவுக்கு எப்போதும் பிடிக்கும். கண் சொல்லிவிட்டது, இது நல்ல காசு என்று. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. விரல் நுனியில் நிறுத்தினார், தட்டினார், தலையைச் சாய்த்தார், முகங்களைப் பார்த்தார்.

முகங்கள் முதலில் மலர்ந்தன. அப்புறம், ஓசை அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காததால், புருவங்கள் ஏறின. அப்புறமும் அடங்காததால் ஒருவர் காதைக் குடைந்தார், ஒருவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், தாணு பல்வலிக்காரர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை முகங்கள் இப்படிச் சுருங்கி மீராசா பார்த்ததே கிடையாது. சொந்தக் கண்ணை நம்புவதா, பத்துப் பேர் முகத்தை நம்புவதா என்று ஒரு நிமிஷம் தவித்தார். மூன்று வருடப் பழக்கம் ஜெயித்தது.

“ஓசை இல்ல, தங்கச்சி. ஈயம்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது அந்த அறை முழுக்க ஓசையாக இருந்தது. ஆவுடையம்மாள் அவரையே பார்த்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்கு நல்லாக் கேட்டுதா, அண்ணாச்சி?” என்றாள். “நல்லாக் கேட்டேன்” என்றார். அவள் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். காசு போயிற்று, ஓசை அதன்கூடப் போகவில்லை. கிட்டே போனால் கூடுவதும் இல்லை, எட்டப் போனால் குறைவதும் இல்லை. ஊர் முழுக்க எல்லார் காதிலும் ஒரே அளவாக, மெலிசாக, வெள்ளியாக நின்றது.

மத்தியானம் டீக்கடைக்காரர் மீராசாவிடம், “பாய், நீங்க சுண்டுன காசாமே, இன்னும் கேக்குதே” என்றார். உதட்டைப் படித்த மீராசா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் அதையே சொல்லிவிட்டார்கள். தான் செய்த காரியம் அவருக்கு விளங்கிவிட்டது. கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டால் அவர் சொல்லுக்கு இனி மதிப்பில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆவுடையம்மாளின் நல்ல வெள்ளி ஈயம்தான், அம்மா கொடுத்ததை அவிழ்த்துக் கொடுத்த மனுஷன் ஏமாற்றுக்காரன்தான். மீராசா வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு நின்றுவிடும் என்று நினைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் அவருக்கு இன்னும் பெரிய சங்கடத்தைச் செய்தது. ஒரு வாரமாக யோசித்து வந்திருந்த தாணு, “பாய் சொன்னதுதான்வே சரி. நல்ல வெள்ளி பாடும், பாடிட்டு நிக்கும், அதுக்கு ஒரு மரியாத உண்டு. நிக்கத் தெரியாதது வெள்ளியா, வே? நமக்கு இது தோணலையே!” என்று மேஜையைத் தட்ட, மற்ற ஒன்பது பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் யானை சறுக்கினால் அதுதான் யானை நடை என்று சொல்லிவிடுவோம்.

ஊர் அந்த ஓசையை எடுத்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் எல்லாரும் காதில் பஞ்சு வைத்தார்கள். பஞ்சுக்கு உள்ளேயும் கேட்டதால் எடுத்துப் போட்டார்கள். நாலாம் நாள் நாதஸ்வரக்காரர் சுருதிப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய் காசின் சுருதிக்கே வாசித்தார், அதே வாரம் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரும் மாதா கோயில் பாட்டுக்காரப் பெண்களும் யாரும் சொல்லாமலே அதே சுருதிக்கு வந்து சேர்ந்தார்கள், தொட்டில் பிள்ளைகள் தாலாட்டு இல்லாமல் தூங்கின, தாலாட்டு மிச்சமான அம்மாக்கள் அதைச் சமையல்கட்டில் பாடித் தீர்த்தார்கள். ஓசை மலைப்பாதையில் இரண்டாவது வளைவு வரைக்கும்தான் எட்டியது. கேரளா பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த வளைவில் தலையை வெளியே நீட்டி ஆ என்றார்கள். நிலத் தரகர்கள் ‘ஓசைக்கு உள்ளே’ என்றும் ‘ஓசைக்கு வெளியே’ என்றும் மனை விற்றார்கள், உள்ளே இருந்தது சென்ட்டுக்கு நாற்பதாயிரம் கூட. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் அங்கே தூக்கம் வரவில்லை என்று பெட்டியோடு வந்துவிட்டார்கள், மாப்பிள்ளைகளும் பின்னாலேயே வந்து, மாமனார் வீட்டில் நன்றாகத் தூங்கினார்கள். மலைக்கு மாலை போடுகிற கணக்கில் ஒரு மண்டலம் முடிந்தால் நின்றுவிடும் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். நாற்பத்தோராம் நாள் எல்லாரும் காத்திருந்தோம், நிற்கவில்லை, எங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மீராசாவுக்குத்தான் நிம்மதி இல்லை. ஊரே நனைகிற மழையில் தான் மட்டும் நனையாமல் நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் கேவலத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அது எப்படித்தான் இருக்கிறது? கண்ணாடிக்கு அளவு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், சும்மா பேச்சு வாக்கில் கேட்பது போல, “உமக்கு அது எப்படித் தோணுது?” என்று கேட்பார். சொன்னதை, காசு போட்டு வைக்கிற சின்னக் காகித உறையின் மேல் எழுதிக்கொள்வார். பரோட்டா மாஸ்டர், “கல்லுல தண்ணி தெளிச்சா ஒரு சத்தம் வரும்லா பாய், அது முடிஞ்சப்புறம் மிச்சமா ஒண்ணு இருக்கும்லா, அது” என்றார். நாதஸ்வரக்காரர், சுருதி அஞ்சு கட்டைக்கும் அஞ்சரைக்கும் நடுவில் என்றார். கண்புரை அறுத்த ஒரு அம்மாள், கட்டுப் பிரித்ததும் முதலில் தெரிந்த வெளிச்சம் மாதிரி என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று “வெள்ளையா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனது. அறுபது உறை சேர்ந்தது. அறுபதையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஒலிக்கவில்லை.

கடைசியில் பெண்டாட்டியிடமே கேட்டார். பல்கீஸ் அவர் முன்னால் வந்து நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“மூணு வருசமா குக்கர் விசில நாந்தான எண்ணுதேன்? உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

“ஊருக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா என்ன? கண்ணாடி போட வெக்கப்படாதீயன்னு கடைக்கு வாரவுகளுக்கெல்லாம் சொல்லுதிய. ஒங்களுக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயமா?”

மீராசாவுக்குச் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் ஒருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டைத்தான் அசைப்பார்கள், மில்லில் பாதிப் பேருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். ஆவுடையம்மாள் மிளகாய்ப்பொடி சலித்தபடி உதட்டை அசைத்தாள், மீராசாவுக்கு ஒரு சொல் தப்பாமல் விளங்கியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் கழுத்தை நீட்டாமல் ஒருவரோடு பேசினார்.

“அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. உதட்டப் பாத்துக் கேக்குத ஆளுகளோடதான நான் பொழங்குதேன்.”

“பொறவு ஏன் சொல்லல?”

“அது நீங்க சொல்ல வேண்டியதுல்லா? எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அது நல்ல காசுன்னு நீங்க சொல்லணும். அந்த மனுஷன் அழுதுட்டுக் குடுத்தாரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் படியேறினார்கள். விஷயம் எப்படியோ கசிந்து லாலா கடை வாசலில் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டோம். பாதிப் பேர் படியிலேயே நின்றோம். மீராசா உட்காரவில்லை.

“நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. இப்பவும் கேக்கல. மூணு வருசமா எந்தக் காசும் கேக்கல” என்றார்.

மாடியில் உதய்ப்பூர் வெள்ளி மட்டும் கேட்டது. தாணு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “அப்போ மூணு வருசமா நீங்க நல்ல காசுன்னு சொன்னதெல்லாம்? என் இந்தூரு? இவரு ஹைதராபாத்து? எல்லாத்தையும் வெளக்குமாத்தால கூட்டிருவமா பாய்?” என்று கத்தினார். முகத்துக்கு நேராகக் கத்தியதால் மீராசாவுக்கு நன்றாக விளங்கியது.

“எல்லாம் நல்ல காசுதான். நான் உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். கேட்டது பூரா நீங்கதான்வே.”

பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டலாம் என்று நினைத்து வந்த வார்த்தை எங்கே போயிற்று என்று தேடுகிற முகம். பதினாறு வருடமாக ஒரு மனிதரின் காதை நம்பியவர்களுக்கு, தங்களுக்கும் காது இருக்கிறது என்று கேட்பது அப்படியொன்றும் சந்தோஷமான செய்தி இல்லை.

“அப்போ இந்தக் காச நாங்களே சொல்லிருதோம். நல்ல காசு, போதுமா?” என்றார் தாணு கடைசியில், கொஞ்சம் கோபமாக.

“போதாது. ஈயம்னு சொன்னது அவுக. அவுகதான் கேட்டுச் சொல்லணும்” என்றாள் ஆவுடையம்மாள்.

“அவருக்குத்தான் கேக்காதுங்காரே!”

அவள் கைக்குட்டையை அவிழ்த்து, காசை முந்தானையில் துடைத்து மீராசாவின் கையில் வைத்தாள். “கடிங்க, அண்ணாச்சி. முன்பல்லுல. மில்லுல பேரிங் போச்சான்னு பாக்க எங்க அப்பா ஸ்க்ரூடிரைவர் நுனிய அதுமேல வெச்சு, மறுமுனையக் கடிச்சுப் பாப்பாரு. கடைசி இருபது வருசம் அவருக்குக் காது கேக்காது. பல்லுல கேப்பாரு.”

மீராசா காசைப் பார்த்தார். சமஸ்தானத்து வெள்ளியைக் கடிப்பதா? கை படக்கூடாது என்று விளிம்பைப் பிடித்தே பழகியவர். கண்ணை மூடிக்கொண்டு லண்டனின் சிநேகிதனை முன்பல்லில் கடித்தார்.

என்ன கேட்டது என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் பார்த்தது முகத்தைத்தான். முதலில் நெற்றி விரிந்தது, அப்புறம் தோள் இறங்கியது, அப்புறம் அறுபத்திரண்டு வயசு மனுஷர் பல்லுக்கு நடுவே ஒரு காசை வைத்துக்கொண்டு தேம்பினார். எங்களில் சிலருக்கும் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

நேரம் போயிற்று. அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பல்லில் இருக்கிற காசு போய்விடும், காசு போனால் ஓசையும் போய்விடும். இத்தனை நாள் அந்தக் காசு எதற்காகப் பாடியதோ அந்த இரண்டு சொல்லும் விழுந்தால் ஊருக்கும் அது நின்றுவிடும் என்று மாடியில் எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நிமிஷம் ஆனது, ஐந்து நிமிஷம் ஆனது. கீழே லாலா கடையில் அல்வா கிண்டுகிற கரண்டி நின்றது. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கூட கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் போகட்டுமே.

அப்புறம் மீராசா காசைப் பல்லிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் ஆவுடையம்மாளிடம் நீட்டினார்.

“நல்ல காசு” என்றார்.

நின்றுவிட்டது. ஐம்பது நாளுக்கு மேல் எங்கள் காதில் இருந்த ஒன்று திடீரென்று இல்லாமல் போக, ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழித்து வீறிட்டு அழ ஆரம்பித்தன. நாங்கள் மூச்சுவிடும் சத்தம் எங்களுக்கே கேட்டது. தாணு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மீராசா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். படித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும், அவருக்குத் தெரியாத முகங்களா? ஆனாலும் அவர் அந்த வேலையை அத்தோடு விட்டுவிட்டு, ஆவுடையம்மாள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“நின்னுட்டா, தங்கச்சி?”

அவள் அவர் முன்னால் வந்து நின்று, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

“நின்னுட்டு, அண்ணாச்சி.”